கோப்புகளுக்கு ஒரு தூரத்து வீடு

எங்கள் வீட்டில் 1990-க்கு முந்திய படங்கள் என்று மூன்றுதான் இருக்கின்றன. அம்மா அப்பாவின் கலியாணப் படம், அக்கா தவழும் படம், கோணேசர் கோயில் மலையடியில் மாமாமார் வரிசையாக நிற்கும் படம். மூன்றும் கனடாவில் இருந்து வந்தவை. இங்கே இருந்த அல்பம் இடம்பெயர்வோடு போய்விட்டது. பெரியம்மாவுக்கு எப்போதோ தபாலில் அனுப்பிய பிரதிகள் அங்கே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்து, முப்பது வருடம் கழித்து வட்ஸ்அப்பில் வீடு திரும்பின. திருக்கடலூரில் இருக்கும் எங்கள் சொந்தக்காரருக்கும் இதே கதைதான், நாள் மட்டும் வேறு: 2004 டிசம்பர் 26. திருகோணமலையில் தப்பிப் பிழைத்த படம் என்றால், பெரும்பாலும் அது எவருக்கோ வெளியூருக்கு அனுப்பிய படமாக இருக்கும்.

கொம்பியூட்டர் திருத்துவதும் சின்னக் கடைகளுக்கு நெட்வேர்க் போட்டுக் கொடுப்பதும் என் தொழில். இரண்டு மூன்று வருடமாக என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான். “தம்பி, மாசாமாசம் கிளவுட்டுக்குக் காசு கட்டுறதா, இல்லாட்டி அந்த ஃப்ரீ சொஃப்ட்வெயாரைப் போட்டு விடுறீங்களா?” கோப்புகளை இணையம் வழியாக ஒரு கம்பனியின் கொம்பியூட்டரில் வாடகைக்கு வைப்பதா, இலவச மென்பொருளைப் போட்டு நாங்களே வைத்துக்கொள்வதா என்பதுதான் கேள்வி. கேட்பவர் மனதில் இது ஒரு காசுக் கணக்கு. எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த பிஸ்கட் டின் ஞாபகம் வரும். ஹாட் டிஸ்க்கைக் கடையில் வாங்கலாம். அது கடலில் இருந்தும் கள்வரிடம் இருந்தும் ஒழுகும் கூரையில் இருந்தும் தள்ளி இருக்க வேண்டிய தூரத்தைக் கடையில் வாங்க முடியாது. கிளவுட் கம்பனிகள் மாதக் கட்டணத்துக்கு முக்கியமாக விற்பது அந்தத் தூரத்தைத்தான் என்பது என் எண்ணம்.

முதலில் காசைப் பார்த்துவிடுவோம். கூகுளின் 2 டெராபைட் திட்டம் அமெரிக்க விலையில் மாதம் 9.99 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது, அதே வருடம் மே மாதம் 360 ரூபாய் வரை போனது. கம்பனி விலையில் ஒரு சதமும் கூட்டவில்லை. ஆனாலும் டொலரில் கட்டியவருக்கு 2,000 ரூபாய் வாடகை இரண்டே மாதத்தில் 3,600 ஆகிவிட்டது. இன்று டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 36,000 ரூபாய். கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, டிரைவுக்கும் படங்களுக்கும் ஜிமெயிலுக்கும் சேர்த்துத்தான். அந்த அளவைத் தாண்டி நின்றால் மின்னஞ்சல் வருவதும் போவதும் நின்றுவிடும். இரண்டு வருடம் அப்படியே கிடந்தால் கோப்புகளை அழிக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

வீட்டுச் சொந்தக்காரர் சட்டத்தை மாற்றுவதும் புதிதல்ல. மைக்ரோசொஃப்ட் தன் ஒன்டிரைவில் வரம்பில்லாத இடம் தந்தது, 2015-இல் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. டிரொப்பொக்ஸ் 2019 மார்ச்சில் இலவசக் கணக்குகளை மூன்று சாதனத்தோடு மட்டுப்படுத்தியது. கூகுள் ஃபோட்டோஸ் 2021 ஜூன் 1-இல் இருந்து இலவசமாக அளவில்லாமல் ஏற்றுவதை நிறுத்தியது. இதெல்லாம் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முன்னர் கேட்கத்தான் வேண்டும்.

சரி, சொந்தக் காணிக்கு வருவோம். ஒரே கோப்புறையைப் பல சாதனங்களில் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான் ஒத்திசைவு. மூல நிரலைத் திறந்து வைத்திருக்கும் ஒத்திசைவு மென்பொருள்களில் இங்கே அதிகம் அடிபடும் பெயர்கள் இரண்டு: சிங்திங், நெக்ஸ்ட்கிளவுட். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைத்து வருபவர்கள்தான் அதிகம், ஆனால் அவற்றின் அமைப்பு அடியோடு வேறு. சிங்திங் 2013-இல் தொடங்கியது. அதற்கு நடுவில் ஒரு சேவர், அதாவது எப்போதும் ஓடி எல்லோருக்கும் கோப்புக் கொடுக்கும் கொம்பியூட்டர், கிடையாது. உங்கள் லப்டொப்பும் கடைக் கொம்பியூட்டரும் நேருக்கு நேர் பேசி, மாறிய துண்டுகளை மட்டும் மறையாக்கம் செய்து, அதாவது வழியில் எவரும் வாசிக்க முடியாதபடி பூட்டி, பரிமாறிக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓனாக இருந்தால்தான் வேலை நடக்கும், ஒன்று தூங்கினால் மற்றது காத்திருக்கும். நெக்ஸ்ட்கிளவுட் வேறு சாதி. ஃபிராங்க் கார்லிட்செக் 2010-இல் ஓன்கிளவுட்டைத் தொடங்கி, 2016-இல் அதிலிருந்து பிரிந்து வந்து உருவாக்கியது. அதற்கு ஒரு சேவர் வேண்டும், தரவுத்தளம் வேண்டும். பதிலுக்கு கிளவுட் சேவைகள் தரும் வசதிகளில் பெரும்பாலானவை கிடைக்கும்: பிரவுசரில் திறந்து பார்க்கலாம், இணைப்பு அனுப்பிப் பகிரலாம், நாட்காட்டியும் தொடர்பு எண்களும் வைக்கலாம்.

ஊரில் நெக்ஸ்ட்கிளவுட் போட்டுக் கொடுக்கக் கேட்பவர்களை நான் முதலில் தடுக்கத்தான் பார்ப்பேன். வீட்டுக்கு 4ஜி ரூட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பொதுவாக இணையத்தில் சொந்த முகவரி கிடையாது. பெரிய தொடர்மாடிக்கு ஒரே ஒரு தபால்பெட்டி இருப்பது போல, நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். உள்ளே இருந்து வெளியே கடிதம் போடலாம், வெளியே இருந்து வருபவருக்கு உங்கள் கதவு எது என்று தெரியாது. இதைச் சுற்றிப்போக வழிகள் உண்டு, சுரங்கப்பாதை போட்டுத் தரும் சேவைகள் உண்டு, வெளிநாட்டில் ஒரு சின்ன சேவரை வாடகைக்கும் எடுக்கலாம். அப்போது வாடகை திரும்பவும் டொலரில். சிங்திங்குக்கு இந்தத் தலையிடி குறைவு. நேர்வழி கிடைக்காவிட்டால் தன்னார்வலர்கள் நடத்தும் இடைத்தரகு சேவர் ஒன்றின் வழியாக அனுப்பிவிடும். வேகம் குறையும், ஆனால் உள்ளே போவது என்னவென்று அந்தத் தரகருக்குத் தெரியாது.

கரண்ட் செலவையும் மறக்கக் கூடாது. பழைய டெஸ்க்டொப் ஒன்றை மூலையில் வைத்து சேவர் ஆக்கினால், 60 வோட் என்று பிடித்தாலும் மாதம் 43 யூனிட். நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறும் வகை, ஆகவே இந்த 43 உங்கள் முழு பில்லையும் மேல் படிக்குத் தள்ளிவிடும். 5 வோட்டில் ஓடும், உள்ளங்கை அளவுக் கொம்பியூட்டரான ராஸ்பெரி பை என்றால் நாலு யூனிட்டுக்குள் முடியும். மின்வெட்டு இன்னொரு பக்கம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் முழு நாடும் இருண்டது. ஒத்திசைவு மென்பொருள் இதைத் தாங்கும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் தொடரும். எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிற்கும் ஹாட் டிஸ்க்கும் தரவுத்தளமும்தான் தாங்காது. யூபிஎஸ் இல்லாமல் வீட்டில் சேவர் வைக்காதீர்கள். உப்புக்காற்றில் விசிறி துருப்பிடிக்கும் ஊரில் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள்.

இனி நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். உவர்மலைப் பக்கம் ஸ்ரூடியோ வைத்திருக்கும் அண்ணை ஒருவருக்கு எல்லாவற்றையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். எடிட்டிங் செய்யும் பெடியனின் லப்டொப்பும் கடையின் பெரிய கொம்பியூட்டரும் தங்களுக்குள் ஒத்திசையும். பெரிய கொம்பியூட்டரில் இருந்து காசு கட்டிய கிளவுட் கணக்கு ஒன்றுக்கும் ஏறும். அண்ணைக்குப் பெரிய நிம்மதி. கேட்பவர்களிடமெல்லாம் “எங்கட படம் மூன்று இடத்தில் இருக்கு” என்பார்.

மூதூரில் ஒரு சாமத்தியவீடு எடுத்தார்கள். பிள்ளையின் அத்தை வெளிநாட்டில் இருந்து வந்துதான் அல்பத்துக்குப் படம் தெரிவது என்று முடிவு. அதற்கிடையில் லப்டொப்பில் இடம் நிறைந்துவிட்டது என்று பெடியன் அந்தக் கோப்புறையை அழித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, மற்ற இரண்டு இடத்திலும் இருக்கிறது என்றுதானே எல்லோரும் சொல்லியிருந்தோம். ஒத்திசைவு தனக்குச் சொன்னதைச் செய்தது. ஒரு பக்கம் அழிந்தால் மறுபக்கமும் அழிய வேண்டும், அதுதான் அதன் வேலை. பெரிய கொம்பியூட்டரில் அழிந்தது, அங்கே அழிந்ததைப் பார்த்து கிளவுட்டும் அழித்தது. அத்தை வந்து இறங்கியது ஆறு வாரம் கழித்து. கிளவுட்டின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும்.

“மூன்று இடத்தில் இருந்ததே தம்பி” என்றார் அண்ணை. நான் என்ன சொல்வது. மூன்று கண்ணாடியில் தெரிந்தாலும் முகம் ஒன்றுதான். மெமரி கார்டுகள் நாலில் மூன்றை வேறு கலியாணங்களுக்குப் பாவித்து முடித்திருந்தார்கள். மிச்சம் இருந்த ஒன்றில் இருந்து, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஒரு இரவு முழுக்க ஓடவிட்டு, கொஞ்சப் படங்களை மீட்டோம். ஆலாத்தி எடுத்த படம் வந்தது. தண்ணீர் வார்த்த படங்கள் வரவே இல்லை.

காசு கட்டிய சேவையும் இலவச மென்பொருளும் அந்தச் சங்கிலியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. ஒத்திசைவையும் பெக்கப்பையும் ஒன்றென்று நினைத்தது என் பிழை. பெக்கப் என்றால் நேற்று இருந்தது, இன்று நீங்கள் அழித்த பிறகும் எங்கோ இருக்க வேண்டும். சிங்திங்கில் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி இருக்கிறது, ஆனால் நீங்களாக ஓன் செய்ய வேண்டும், தானாக இருக்காது. அதில் படிப்படியாகக் குறைத்து வைக்கும் முறை ஒன்று உண்டு: முதல் ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, ஒரு வருடம் வரை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்றச் சாதனத்தில் இருந்து வரும் அழிப்பையும் மாற்றத்தையும்தான் அது காப்பாற்றும். அதே கொம்பியூட்டரில் நீங்களே கைப்பட அழித்ததற்கு அது பொறுப்பில்லை. ஆகவே பெரிய கொம்பியூட்டரில் அதைப் போட்டு வைத்திருந்தால், பெடியன் லப்டொப்பில் அழித்த படங்கள் இங்கே ஒரு மறைவான கோப்புறையில் இருந்திருக்கும்.

கிளவுட்டை மட்டும் நம்பி ஸ்ரூடியோ நடத்த முடியாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. 24 மெகாபிக்சல் கமராவின் மூலப்படம் ஒன்று 28 எம்பி அளவில் வரும். கலியாணம் ஒன்றுக்கு 3,000 தடவை அமுக்கினால் 84 ஜிபி. அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால், ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறினாலே கிட்டத்தட்ட 19 மணி நேரம். பெக்கேஜில் மாத டேட்டாவுக்கு வரம்பு இருந்தால் அதில் 84 ஜிபி போய்விடும். அதே 84 ஜிபி, கடைக்குள் ஒரு கேபிள் வழியாக மேசையில் இருந்து மேசைக்குப் போக கால் மணி நேரம் போதும். பக்கத்து மேசைக்கு ஒரு படத்தை அனுப்ப அதை சிங்கப்பூர் வரை அனுப்பி எடுப்பதில் அர்த்தமில்லை. டிரொப்பொக்ஸில் உள்ளூர் நெட்வேர்க் வழியே ஒத்திசைக்கும் வசதி நெடுங்காலமாக இருக்கிறது, கூகுள் டிரைவில் இல்லை. சிங்திங் பக்கத்தில் இருக்கும் சாதனத்தைத் தானே கண்டுபிடித்து நேராக அனுப்பும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு சங்கதி. ஒருநாள் அண்ணையின் கொம்பியூட்டரில் ‘திருகோணமலை’ என்ற கோப்புறை இரண்டு நின்றது, எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். பேய் வேலை இல்லை. கொம்பியூட்டர்களில் எழுத்துக்களுக்கு எண் கொடுக்கும் முறையான யுனிகோட்டில் ‘ோ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் ‘ே’, பின்னால் வரும் ‘ா’ என்று இரண்டாகவும் எழுதலாம். சில கீபோட்கள் முதல் வகையில் எழுதும், சில இரண்டாவது வகையில். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, விண்டோஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். சிங்திங் இதை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடும் வசதியோடு வருகிறது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்து இன்னும் மோசம். அதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். இந்த இரண்டையும் யுனிகோட் சமமாகக் கருதுவதில்லை, ஆகவே அப்படி மாற்றும் வசதியும் இங்கே உதவாது.

நீளமும் ஒரு பிரச்சினை. சேவர்களில் பெரும்பாலும் ஓடும் லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. திருகோணமலை என்ற ஊர்ப்பெயருக்கே 30 பைட் போய்விடும், ‘ோ’வை இரண்டாக எழுதும் கீபோட் என்றால் 33. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், ஊர், தாலிகட்டு என்று நீட்டி முழக்கிப் பெயர் வைத்தால், விண்டோஸில் ஒரு குறையும் தெரியாது, மூலையில் இருக்கும் லினக்ஸ் பெட்டிக்கு அந்த ஒரு கோப்பு மட்டும் போய்ச் சேராது. மறையாக்கம் போட்ட சில என்ஏஎஸ் (நெட்வேர்க்கில் செருகும் சேமிப்பு) பெட்டிகளில் வரம்பு 143 பைட், அதாவது 47 குறியீடுதான். இப்போது அண்ணையின் கடையில் திகதியை எண்ணில் எழுதி, பின்னால் ஊர்ப்பெயர் மட்டும்.

அப்புறம், இதையெல்லாம் பார்த்துக்கொள்ளப் போவது யார்? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சல் முகவரிகள் 5,000 அளவில் பாதிக்கப்பட்டன. மே 17-இல் இருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன, ஏனென்றால் அந்தக் காலத்துக்குத் தனியாகக் கழற்றி வைத்த பெக்கப் இல்லை. மென்பொருளும் பழைய பதிப்பு, புதுப்பிப்பது தள்ளித் தள்ளிப் போயிருந்தது. தென்கொரியாவில் 2025 செப்டெம்பரில் தேஜோன் நகரத்து அரச தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, அரச ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு மொத்தமாக எரிந்தது. அதற்கும் பிரதி இருக்கவில்லை. பெரிய இடங்களில், சம்பளத்துக்கு ஆள் வைத்தும் நடக்கிறது. நம் கடையில் நெக்ஸ்ட்கிளவுட் வைத்தால் அந்த ஆள் நாம்தான். அதில் பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதித்துப் புதுப்பிக்க முடியாது, ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒன்றரை வருடம் தொடாமல் விட்டவர் பிறகு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுக்க நேரும்.

இலவச மென்பொருளும் கைவிடும். சிங்திங்கின் அதிகாரபூர்வ அன்ட்ரொயிட் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. அதன் நிரல் திறந்திருந்ததால் வேறு ஆட்கள் கிளைப்பதிப்பு ஒன்றைத் தொடர்கிறார்கள். வாடகை வீட்டில் இப்படி நடந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஐபோனுக்கு அதிகாரபூர்வச் செயலி இருந்ததே இல்லை.

ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். ரியூஷன் வாத்தியார், வினாத்தாளும் குறிப்புகளும் மட்டும் வைத்திருப்பவர்: 100 ஜிபி திட்டத்துக்கு மாதம் 600 ரூபாய் அளவில் கட்டிவிட்டு நித்திரை கொள்ளட்டும். அவருடைய நேரத்துக்கு இதைவிட விலை அதிகம். கோயில் பரிபாலன சபை: அதுவும் கிளவுட்தான், ஆனால் செயலாளரின் சொந்த ஜிமெயிலில் வேண்டாம். செயலாளர் லண்டன் போய், பழைய சிம்மும் செத்த பிறகு கடவுச்சொல்லுக்காக ஓடித்திரிந்த சபையை எனக்குத் தெரியும். சட்டத்தரணி, மருத்துவர் போன்றவர்கள் கிரிப்டோமேட்டர் போன்ற திறந்த மூல மென்பொருளால் பூட்டிய பிறகே கிளவுட்டில் ஏற்ற வேண்டும். திறப்பைத் தொலைத்தால் எவரும் திறந்து தர முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு.

ஸ்ரூடியோ அண்ணைக்கு இப்போது இருப்பது இப்படி. கடைக்குள் சிங்திங், பழைய பதிப்பு வைக்கும் வசதியோடு. வாரத்துக்கு ஒருமுறை செருகிப் பிரதி எடுத்து, கழற்றி லாச்சிக்குள் பூட்டும் ஹாட் டிஸ்க் ஒன்று. தெரிவு முடிந்த படங்கள் மட்டும் சின்னக் கிளவுட் திட்டத்தில். மூலப்படங்கள் எல்லாம் கடலே இல்லாத வவுனியாவில், அவருடைய தங்கை வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கும் ராஸ்பெரி பை ஒன்றுக்கு இரவிரவாகப் போய்ச் சேர்கின்றன. முதல் நிரப்பலை இணையத்தில் அனுப்பவில்லை, ஹாட் டிஸ்க்கை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தோம். சிங்திங்கில் ‘நம்பாத சாதனம்’ என்று குறித்தால் அங்கே மறையாக்கம் செய்த வடிவம்தான் இருக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் எவருடைய கலியாணத்தையும் பார்க்க முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தங்கை போன் எடுப்பா, “அண்ணா, பெட்டியில பச்சை லைட் எரியேல்ல” என்று. பிளக்கைக் கழற்றிச் செருகினால் எரியும்.

போயா நாளில் கடை பூட்டு. அன்றைக்கு ஒரு கோப்புறையைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிவுசெய்து, வவுனியாவில் இருந்து இழுத்துத் திறந்து பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். போன போயாவில் எடுத்ததில் நாலு படம் திறக்கவில்லை. கடைக் கொம்பியூட்டரில் பார்த்தால் அங்கேயும் அதே நாலும் பழுது, கார்ட் ரீடர் இறக்கும்போதே கெடுத்திருக்கிறது. மெமரி கார்டை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார்கள், வேறு ரீடரில் போட்டு நாலையும் திரும்ப இறக்கினோம். பழைய ரீடரை அண்ணை குப்பையில் போடவில்லை. சிவப்புப் பேனையால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, பெடியன் கண்ணில் படும்படி மேசையில் வைத்திருக்கிறார்.